பட்டுச் சுரப்பியில் எல்லா மரபணுவும் குறைந்துவிட்டதா? ஆர்என்ஏ சீக்வென்சிங் கோளாறுகள், அறிகுறிவாரியாக

எங்கள் பக்கம் பட்டுப்புழுவுக்குப் பஞ்சமில்லை. பாலக்கோட்டுப் பக்கம் ஏதாவது ஒரு வளர்ப்பு மனைக்குப் போய், "அண்ணா, அஞ்சாம் பருவத்துப் புழு ஒரு இருபது வேணுங்க" என்றால் மல்பெரி இலையோடு அள்ளிக் கொடுத்துவிடுவார்கள். பஞ்சமெல்லாம் அதற்கு அப்புறம்தான். தர்மபுரியில் டிரை ஐஸுக்கு அலைய வேண்டும், கல்லூரியில் மைனஸ் 80 ஃப்ரீசர் இருந்தாலும் கரண்ட் போனால் ஜெனரேட்டர் அதற்கு வராது, சீக்வென்சிங்குக்கு எப்படியும் பெங்களூருக்குத்தான் அனுப்ப வேண்டும். இப்படி அனுப்பி, டேட்டா வந்து, அதைத் திறந்து பார்த்துத் தலையில் கை வைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

விஷயம் என்னவென்று தெரியாதவர்களுக்கு மட்டும்: ஒரு புழுவின் பட்டுச் சுரப்பி, கொழுப்புத் திசு, நடுக்குடல் மூன்றிலும் இருக்கும் மரபணுக்கள் ஒன்றேதான், எது எங்கே எவ்வளவு ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படுகிறது என்பதில்தான் வித்தியாசம். அந்த ஆர்என்ஏவைப் பிரித்து, டிஎன்ஏவாக மாற்றி, துண்டுதுண்டாகப் படித்து (படித்த ஒரு துண்டுதான் ரீட்), எந்தத் துண்டு எந்த மரபணுவுடையது என்று எண்ணுகிறோம், அவ்வளவுதான். 2008இல் எலியின் மூளை, கல்லீரல், தசை மூன்றையும் இப்படி ஒப்பிட்ட கட்டுரை வந்த பிறகு இந்த வேலை உலகம் முழுக்கப் பரவியது.

நான் பார்த்தவரை இதில் கோளாறு தெரிகிற இடம் ஒன்று, பிறந்த இடம் வேறு. கணினியில் சிவப்பாக எதையோ காட்டும், ஆனால் தப்பு புழுவை அறுத்த அன்றைக்கே நடந்திருக்கும். அதனால் மென்பொருளை மாற்றி மாற்றி ஓட்டுவதற்கு முன்னால் இரண்டு படி பின்னால் போய்ப் பாருங்கள். கீழே உங்கள் அறிகுறி எதுவோ அதை மட்டும் படித்தால் போதும், வரிசை முக்கியமில்லை. பட்டுச் சுரப்பிக் கணக்கை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

அறிகுறி: ரின் மதிப்பு படுமோசம், 28எஸ் உச்சியையே காணோம்

எம்எஸ்சி படிக்கும் ஒரு பெண் ஒருநாள் ராத்திரி போன் செய்தார். "அண்ணா, மூணு மாச வேலை போச்சுங்க. ஆர்என்ஏ சிதைஞ்சிருக்குன்னு கம்பெனிக்காரங்க திருப்பி அனுப்பிட்டாங்க." படத்தை அனுப்பச் சொன்னேன். பார்த்தால் ஒரே ஒரு உச்சி, ஊசி மாதிரி கூர்மையாக, 18எஸ் இருக்க வேண்டிய இடத்தில் நிற்கிறது, அடிக்கோடு அலையில்லாத ஏரித் தண்ணீர் மாதிரி தட்டையாக இருக்கிறது. சிதைந்த ஆர்என்ஏ அப்படி இருக்காது.

ரின் என்பது ஆர்என்ஏ எவ்வளவு சிதையாமல் இருக்கிறது என்பதற்கு 1 முதல் 10 வரை போடும் மதிப்பெண். பாலூட்டிகளின் ஆர்என்ஏவில் 28எஸ், 18எஸ் என்று இரண்டு ரைபோசோம் உச்சிகள் தெரியும், அதை வைத்துத்தான் அந்தக் கணக்கே எழுதப்பட்டது. ஆனால் பட்டுப்புழு உட்படப் பெரும்பாலான பூச்சிகளில் 28எஸ் ஆர்என்ஏவின் நடுவில் இயற்கையாகவே ஒரு வெட்டு இருக்கிறது, இரண்டு பாதியையும் ஹைட்ரஜன் பிணைப்பு மட்டும்தான் பிடித்து வைத்திருக்கிறது. கருவியில் ஏற்றுவதற்கு முன் சாம்பிளைச் சூடாக்குவார்கள் இல்லையா, அதில் அந்தப் பிடி விட்டுப்போய் இரண்டு பாதியும் பிரிந்து, இரண்டுமே ஏறக்குறைய 18எஸ் அளவு என்பதால் ஒரே இடத்தில் போய் விழும். கருவிக்கு இதெல்லாம் எங்கே தெரியும், 28எஸ் இல்லை என்று மார்க்கைக் குறைத்துவிடும்.

உறுதி செய்வது சுலபம். அதே சாம்பிளைச் சூடாக்காமல் ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள். 28எஸ் திரும்பி வந்தால் ஆர்என்ஏ நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், ரின்னை மறந்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். அந்தப் பெண்ணின் சாம்பிளில் வந்தது.

நிஜமாகவே சிதைந்திருந்தால் உச்சிகள் மழுங்கி, அடிக்கோடு சிறிய அளவுப் பக்கம் மேடுகட்டி நிற்கும். அப்போது ஃப்ரீசரையோ பயணத்தையோ சந்தேகப்படுங்கள். டிரை ஐஸ் கிடைக்கவில்லை என்றால் அதற்காக அழ வேண்டாம், ஆர்என்ஏலேட்டர் திரவத்தில் போட்டால் 25 டிகிரியில் ஒரு வாரம், 4 டிகிரியில் ஒரு மாதம் தாங்கும். திசுவை அரை சென்டிமீட்டருக்கும் மெல்லியதாக நறுக்கி, ஐந்து முதல் பத்து மடங்கு திரவத்தில் மூழ்கவைத்து, ஒரு ராத்திரி 4 டிகிரியில் ஊறவிட்டு அப்புறம் உறையவையுங்கள். பெரிய துண்டாகப் போட்டால் திரவம் உள்ளே இறங்குவதற்குள் நடுப்பகுதி கெட்டுவிடும். இன்னொன்று, 25 டிகிரி என்பது தர்மபுரி ஏப்ரல் இல்லை, அதனால் ஐஸ் பெட்டி கட்டாயம்.

அறிகுறி: பிரித்தெடுத்த ஆர்என்ஏ கொழகொழவென்று இருக்கிறது

பட்டுச் சுரப்பி என்றால் உள்ளே தேங்கியிருக்கும் திரவப் பட்டுதான் காரணம். அரைப்பதற்கு முன்னால் சுரப்பியைக் குளிர்ந்த உப்புக்கரைசலில் வைத்து மெதுவாக அழுத்தி அதை வெளியேற்றுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காயில் வேலை செய்பவர்களுக்கும் இதே புகார் வரும், அங்கே குற்றவாளி பெக்டினும் பாலிஃபீனாலும். பெங்களூரா மாம்பழச் சதைப்பற்றில், ஆர்என்ஏ பிரிக்கும் சாதாரண டிரைசாலை ஊற்றினால் பழுப்பு ஜெல்லிதான் மிஞ்சும். சிடிஏபி முறைக்குப் போங்கள், பிவிபியும் மெர்காப்டோ எத்தனாலும் சேர்த்து, கடைசியில் லித்தியம் குளோரைடில் ஆர்என்ஏவை வீழ்படிய வையுங்கள், சர்க்கரைச் சங்கிலிகள் பெருமளவு மேலே நின்றுவிடும். ஒளி உறிஞ்சும் அளவில் 260/280 விகிதம் 2க்குப் பக்கத்தில் இருந்து 260/230 மட்டும் தரையில் கிடந்தால் குவானிடின் உப்போ ஃபீனாலோ ஒட்டியிருக்கிறது, எத்தனாலில் இன்னொரு முறை கழுவுங்கள்.

அறிகுறி: "அண்ணா, ஃபாஸ்ட்கியூசில எல்லாம் சிவப்பா வருது"

வரட்டும். ஃபாஸ்ட்கியூசி என்ற தரம் பார்க்கும் மென்பொருளின் எல்லைகள் மரபணுத் தொகுதி டிஎன்ஏவை மனதில் வைத்துப் போட்டவை. ஒவ்வொரு ரீடின் முதல் பன்னிரண்டு எழுத்து வாக்கில் ஏ, டி, ஜி, சி கோடுகள் ஆட்டம்போடும், டிஎன்ஏவாக மாற்றும்போது பயன்படுத்தும் ஆறெழுத்து பிரைமர்கள் எல்லா இடத்திலும் சமமாக ஒட்டுவதில்லை, அதுதான் காரணம், அதை வெட்டியெறியத் தேவையில்லை. நகல் ரீட்கள் அதிகம் என்று சிவப்பு வருவதும் அப்படியே. பட்டுச் சுரப்பியில் பட்டின் முக்கியப் புரதமான ஃபைப்ராயினின் ரீட்கள் மலைபோல வரும்போது ஒரே மாதிரி ரீட்கள் இல்லாமல் எப்படி இருக்கும்? அவற்றை நகல் என்று நீக்கிவிட்டால் நீங்கள் அளக்க வந்ததையே நீக்கியதாகிவிடும்.

கவனிக்க வேண்டியவை வேறு. சீக்வென்சிங்குக்காக ஒட்டும் அடாப்டர் வரிசை ரீடின் கடைசியில் ஏறிக்கொண்டே போனால் வெட்டுங்கள். கடைசியில் ஜிஜிஜிஜி என்று வால் நீண்டால், இரண்டு நிறச் சாயத்தில் ஓடும் இல்லுமினா கருவிகளில் ஒளி இல்லாததை ஜி என்றுதான் எழுதும், ஃபாஸ்ட்பி அதைத் தானாகவே வெட்டிவிடும். ஜிசி விகிதப் படத்தில் ஒரு மலைக்குப் பதில் இரண்டு மலை தெரிந்தால் வேறு உயிரினமோ ரைபோசோம் ஆர்என்ஏவோ கலந்திருக்கலாம், அடுத்த பகுதிக்கு வாருங்கள். கோப்பு பாதியில் முடிகிறது என்று பிழை வந்தால் டேட்டாவில் ஒன்றுமில்லை, ராத்திரி டவுன்லோடு நடக்கும்போது மோடம் அணைந்திருக்கும். கம்பெனி கொடுத்த எம்டி5 எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

அறிகுறி: மேப்பிங் பாதிகூட இல்லை

மேப்பிங் என்பது ஒவ்வொரு ரீடும் மரபணுத் தொகுதியில் எந்த இடத்துடையது என்று பொருத்துவது. முதலில் அதைச் செய்யும் ஸ்டார் மென்பொருளின் அறிக்கையைச் சரியாகப் படியுங்கள். "மிகக் குட்டை" என்ற வரியில் 40 சதவீதம் இருந்தால் ரீட் குட்டையாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ரீடின் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காவது பொருந்த வேண்டும் என்பது இயல்பு எல்லை, பொருந்திய பகுதி அதைவிடக் குறைவு என்றுதான் சொல்கிறது. அடாப்டரை வெட்டாமல் விட்டிருக்கலாம், ஒரே துண்டை இரு முனையிலிருந்தும் படித்த ஜோடிக் கோப்புகள் வரிசை மாறியிருக்கலாம் (ஒன்றை மட்டும் தனியாக வடிகட்டினால் இது நடக்கும்), அல்லது வேறு எதன் ஆர்என்ஏவோ இருக்கலாம்.

அந்த "வேறு எதன்" என்பதைக் கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த வழி மிகப் பாமரமானது. மேப் ஆகாத ரீட்களில் கண்ணை மூடிக்கொண்டு இருபதை எடுத்து என்சிபிஐயின் பிளாஸ்ட் தேடலில் ஒட்டுங்கள், இலவசம்தான். நடுக்குடல் சாம்பிளில் மல்பெரி வந்தால் ஆச்சரியப்படாதீர்கள், புழு காலையில் சாப்பிட்டதுதான், குடலை உரித்து உள்ளே இருக்கும் இலையைக் கழுவவில்லை. ரைபோசோம் வந்தால் பாலி ஏ வால் பிடித்துப் பிரிக்கும் படி சரியாக நடக்கவில்லை, மொத்த ஆர்என்ஏவில் 80 சதவீதத்துக்கு மேல் ரைபோசோமுடையது என்பதால் சின்னக் கசிவே பெரிதாகத் தெரியும். ஒருமுறை ஒரே தொகுப்புப் புழுக்களில் இரண்டில் மட்டும் பாலிஹெட்ரோசிஸ் வைரஸின் ரீட்கள் குவிந்திருந்தன. பால்புழு நோய், வெளியில் அறிகுறி தெரிவதற்கு முன்னால் அறுத்திருக்கிறோம். அந்த இரண்டையும் ஆரோக்கியமான புழுக்களோடு வைத்திருந்தால் நோய் எதிர்ப்பு மரபணுக்கள் எல்லாம் எகிறிக் குதித்து, யாராவது அதற்கு ஒரு கதையும் எழுதியிருப்பார்கள்.

பட்டுச் சுரப்பியின் பின்பகுதியில் மட்டும் மேப்பிங் குறைந்தால் காரணம் வேறு. ஃபைப்ராயின் பெருஞ்சங்கிலி மரபணு சுமார் 16,000 எழுத்து நீளம், பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் ஒரே வரிசை. ஒரு ரீட் அதற்குள்ளேயே பத்து இடத்துக்கு மேல் பொருந்தினால் ஸ்டார் அதை "மிக அதிக இடங்கள்" என்று ஒதுக்கிவிடும். அந்த வரியையும் பாருங்கள். ஆக உங்கள் அட்டவணையில் வரும் ஃபைப்ராயின் எண்ணிக்கை நிஜத்தைவிடக் குறைவு.

விவசாயியிடம் வாங்கியது கலப்பினம், நாம் பொருத்திப் பார்க்கும் மேற்கோள் மரபணுத் தொகுதி பி50டி என்ற இனத்துடையது, அதனால்தான் பொருந்தவில்லையோ என்று சிலர் கேட்கிறார்கள். ஒன்றிரண்டு சதவீதம் குறையலாம், பாதி குறையாது. தூய இனம்தான் வேண்டும் என்றால் ஓசூரில் மத்தியப் பட்டு வாரியத்தின் மரபு வள மையம் இருக்கிறது, முறைப்படி எழுதிக் கேளுங்கள்.

அறிகுறி: மேப்பிங் 90 சதவீதம், எண்ணிக்கை மட்டும் பூஜ்யம்

மரபணுத் தொகுதிக் கோப்பை ஒரு தளத்திலிருந்தும் எந்த மரபணு எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஜிடிஎஃப் கோப்பை இன்னொரு தளத்திலிருந்தும் இறக்கியிருப்பீர்கள், பந்தயம் கட்டுகிறேன். ஒன்றில் குரோமோசோமுக்கு எளிய பெயர், மற்றதில் நீண்ட பதிவு எண், இரண்டும் ஒரே ஆள் என்று கணினிக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே இடத்திலிருந்து எடுங்கள்.

பூஜ்யம் இல்லை, ஐந்து பத்து சதவீதம்தான் எண்ணப்பட்டிருக்கிறது என்றால் இழைத் திசை (ஆர்என்ஏ டிஎன்ஏவின் எந்த இழையிலிருந்து வந்தது என்பது) தலைகீழ். டியூடிபி முறை கிட்களில் எண்ணும் மென்பொருளான ஃபீச்சர்கவுண்ட்ஸுக்கு 2 என்று கொடுக்க வேண்டும், 1 கொடுத்தால் கிட்டத்தட்ட எல்லாம் போய்விடும். ஏறக்குறைய பாதி போயிருந்தால் திசையே இல்லாத லைப்ரரியை (சீக்வென்சிங்குக்குத் தயார்செய்த டிஎன்ஏவை)த் திசை உள்ளது என்று எண்ணியிருக்கிறீர்கள். எந்தக் கிட் என்று கம்பெனியைக் கேட்டால் சில சமயம் பதில் வர ஒரு வாரம் ஆகிறது, ஒரு சாம்பிளை மட்டும் 0, 1, 2 என்று மூன்று விதமாக ஓட்டிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கேழ்வரகில் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது இரண்டு மூதாதைத் தொகுதிகள் சேர்ந்த நான்மடியம், 36 குரோமோசோம். அதனால் பல மரபணுக்களுக்கு ஒரே ஜாடையில் இரண்டு பிரதிகள் இருக்கும், ரீட் எதனுடையது என்று தெரியாமல் ஃபீச்சர்கவுண்ட்ஸ் இரண்டையும் விட்டுவிடும். சால்மன் மாதிரி பங்கிட்டு மதிப்பிடும் மென்பொருள் அங்கே பரவாயில்லை.

அறிகுறி: கொழுப்புத் திசுவோடு ஒப்பிட்டால் சுரப்பியில் எல்லா மரபணுவும் குறைந்து தெரிகிறது

இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள், விழுந்ததே தெரியாமல் ஆய்வேடும் எழுதிவிடுகிறார்கள். டிபிஎம் (மரபணு நீளத்தைச் சரிசெய்து, பத்து லட்சத்துக்கு எத்தனை என்று போடும் கணக்கு) அட்டவணையை வைத்துக்கொண்டு, "ஆற்றல் மரபணுக்கள் குறைந்தன, பழுதுபார்க்கும் மரபணுக்கள் குறைந்தன, சுரப்பி பட்டு உற்பத்திக்காக மற்ற எல்லாவற்றையும் தியாகம் செய்கிறது" என்று உருக்கமாக ஒரு பத்தி.

கணக்கைப் பாருங்கள், நீளத்தை மறந்துவிடுங்கள். கொழுப்புத் திசுவில் மொத்தம் 1,000 ஆர்என்ஏ மூலக்கூறுகள், அதில் ஒரு மரபணுவுடையது 10. பத்து லட்சத்துக்கு என்று மாற்றினால் 10,000. இப்போது சுரப்பியில் அதே 1,000 அப்படியே இருக்கிறது, அந்த மரபணுவும் அதே 10தான், கூடுதலாக ஃபைப்ராயின் மட்டும் 1,500. மொத்தம் 2,500. அந்த 10 இப்போது பத்து லட்சத்துக்கு 4,000. மரபணு ஒன்றும் செய்யவில்லை, அட்டவணையில் இரண்டரை மடங்கு குறைந்துவிட்டது! பந்தியில் ஒருவர் பத்து இலைக்கான சோற்றை வாங்கிக்கொண்டால் பக்கத்து இலைக்காரருக்குப் பசி குறைந்துவிட்டது என்றா சொல்வோம்?

டிபிஎம் என்பது பங்கு, அளவு இல்லை. மொத்தம் எப்போதும் பத்து லட்சமாகத்தான் இருக்கும், ஒருவர் ஏறினால் மற்றவர் இறங்கித்தான் ஆக வேண்டும். மனித ரத்தத்திலும் இதே தொல்லை, ஹீமோகுளோபின் மரபணுக்களின் ஆர்என்ஏ மட்டும் எழுபது சதவீதம்வரை போகும், அதற்காகவே அதை முன்கூட்டி நீக்கும் கிட்கள் விற்கிறார்கள். மனிதத் திசுக்களின் ஆர்என்ஏவைத் தொகுத்த ஜிடிஇஎக்ஸ் திட்டத்தின் எட்டாம் பதிப்பில் 54 திசுக்கள், 17,382 சாம்பிள்கள் இருக்கின்றன, அந்த டிபிஎம் அட்டவணையை எடுத்து ரத்தத்தையும் மூளையையும் நேருக்கு நேர் ஒப்பிடுபவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள்.

என்ன செய்யலாம்? ஃபைப்ராயின் பெருஞ்சங்கிலி, சிறுசங்கிலி, பி25, செரிசின்கள் என்ற பட்டுப் புரத மரபணுக்களை எடுத்துவிட்டு மீதியை மறுபடி பத்து லட்சத்துக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். "குறைந்த" மரபணுக்கள் கூட்டமாக எழுந்து நின்றால் அது மாயைதான். வேறுபாட்டுச் சோதனைக்கு டீசெக்2 மென்பொருளுக்குக் கச்சா எண்ணிக்கையைக் கொடுங்கள், அது விகிதங்களின் நடுமதிப்பை வைத்துச் சமன்செய்வதால் நாலைந்து பூதங்கள் அதை அசைக்க முடியாது. ஆனால் பெரும்பாலான மரபணுக்கள் மாறவில்லை என்ற நம்பிக்கையில்தான் அதுவும் நிற்கிறது, சுரப்பிக்கும் குடலுக்கும் நடுவில் அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் தாங்கும் என்பது சங்கடமான கேள்வி. நிஜ அளவு வேண்டும் என்றால் இஆர்சிசி என்ற 92 செயற்கை ஆர்என்ஏக்களின் கலவையை, ஒவ்வொரு சாம்பிளிலும் திசு எடைக்கு ஏற்ற அளவில், பிரித்தெடுக்கும்போதே சேர்த்திருக்க வேண்டும். டேட்டா வந்த பிறகு சேர்க்க முடியாது.

"ஒரு செல்லுக்கு எவ்வளவு" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பட்டுச் சுரப்பியில் இருப்பவை சில நூறு பிரமாண்டமான செல்கள், முட்டையை விட்டு வந்த பிறகு அவை பிரிவதில்லை, டிஎன்ஏவை மட்டும் பெருக்கிக்கொண்டே போய் லட்சம் மடங்கைத் தாண்டிவிடும். கொழுப்புத் திசுவின் ஒரு செல்லையும் அதன் ஒரு செல்லையும் எந்தத் தராசில் வைப்பது?

அறிகுறி: கொழுப்புத் திசுவிலும் ஃபைப்ராயின் வருகிறது

புதிய கண்டுபிடிப்பு என்று குதிக்க வேண்டாம். காரணம் இரண்டில் ஒன்று. அறுக்கும்போது சுரப்பியின் துணுக்கு ஒட்டிக்கொண்டது, அல்லது ஒரே லேனில் ஓடிய சாம்பிள்களின் அடையாளக் குறிகள் தாவிவிட்டன. இந்தத் தாவல் 0.1 முதல் 2 சதவீதம்வரை இருக்கலாம் என்று இல்லுமினாவே சொல்கிறது, சுரப்பி சாம்பிளில் ஒரு கோடி ஃபைப்ராயின் ரீட் இருந்தால் 0.1 சதவீதமே 10,000. பிரித்தறிய ஒரு வழி: கொழுப்புத் திசு, குடல் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவில் சாயம் போட்ட மாதிரி பரவியிருந்தால் தாவல். ஒரு சாம்பிளில் நிறைய, அடுத்ததில் ஒன்றுமில்லை என்றால் கத்தரிக்கோலைக் குறை சொல்லுங்கள். அடுத்த முறை இரு முனையிலும் தனித்தனிக் குறி கேட்டு வாங்குங்கள், விலை கொஞ்சம்தான் கூடும்.

அறிகுறி: பிசிஏ படத்தில் ஒரு குடல் சாம்பிள் சுரப்பிக் கூட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது

பிசிஏ படத்தில் ஒரே மாதிரி சாம்பிள்கள் பக்கத்தில் பக்கத்தில் விழும், இது தள்ளிப் போனால் ட்யூப் மாறிவிட்டது. ஒரு சுரப்பி சாம்பிளும் குடல் பக்கம் போயிருந்தால் சந்தேகமே வேண்டாம். ஃபைப்ராயின் உச்சத்தில் இருந்தால் சுரப்பியின் பின்பகுதி, செரிசின் என்றால் நடுப்பகுதி, செரிமான நொதிகள் என்றால் குடல், சேமிப்புப் புரதங்கள் என்றால் கொழுப்புத் திசு. பெயரைத் திருத்தி, திருத்தியதைக் குறிப்பேட்டிலும் ஆய்வேட்டிலும் எழுதிவிடுங்கள், மறைக்காதீர்கள்.

சாம்பிள்கள் திசுவாரியாகப் பிரியாமல் தேதிவாரியாகப் பிரிந்தால், டீசெக்2க்குக் கொடுக்கும் வாய்ப்பாட்டில் தேதியைச் சேர்த்தால் சமாளிக்கலாம். சுரப்பியெல்லாம் திங்கள், குடலெல்லாம் வியாழன் என்று எடுத்திருந்தால் எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. ஒரே புழுக் கூட்டத்திலிருந்து மூன்று திசுவையும் அன்றைக்கே எடுங்கள், அந்தக் கூட்டத்தின் எண்ணையும் வாய்ப்பாட்டில் சேருங்கள்.

அறிகுறி: சரிசெய்த பி மதிப்பில் என்ஏ

என்ஏ என்றால் மதிப்பு இல்லை என்று அர்த்தம். அந்த மரபணு எல்லா சாம்பிளிலும் பூஜ்யமாக இருக்கும், அல்லது ஒரு சாம்பிள் மட்டும் அசாதாரணமாக எகிறியிருக்கும், அல்லது எண்ணிக்கை மிகக் குறைவென்று சோதனைக்கே எடுத்திருக்காது. பிழை இல்லை. தசம எண் கொடுத்ததால் டீசெக்2 கத்துகிறது என்றால் டிபிஎம்மைக் கொடுத்திருக்கிறீர்கள், ரவுண்ட் செய்து ஏமாற்றாமல் கச்சா எண்ணிக்கைக்குத் திரும்புங்கள். மனித டேட்டாவில் மரபணுப் பெயர் "1-மார்ச்" என்று மாறியிருந்தால் எக்செல் செய்த வேலை, இதற்காகவே 2020இல் பெயர் வைக்கும் குழு அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது.

அறிகுறி: ஒரு மரபணு நிஜமாகவே ஏறியிருக்கிறது, ஆனால் எந்தச் செல்லில் என்று தெரியவில்லை

குடலை மொத்தமாக அரைத்தால் அதற்குள் உறிஞ்சும் செல், சுரக்கும் செல், குருத்துச் செல், சுற்றியிருக்கும் தசை எல்லாம் கலந்துவிடும். மரபணு ஏறியதாகத் தெரிவது, அதை வைத்திருக்கும் செல்வகை எண்ணிக்கையில் கூடியதாலும் இருக்கலாம். தனிச்செல் சீக்வென்சிங் இதற்குப் பதில் சொல்லும், ஆனால் அதற்கு உயிருள்ள செல்கள் வேண்டும், தர்மபுரியில் காலையில் பிரித்த செல் அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் பாதி செத்திருக்கும். செத்த செல்களிலிருந்து கசிந்த ஆர்என்ஏ செல்களைத் தனித்தனியாக அடைக்கும் எல்லாத் துளியிலும் கலந்து, குடல் நொதி மரபணு தசையிலும் இருப்பதாகக் காட்டும், மைட்டோகாண்ட்ரியா ரீட்கள் வேறு எகிறும். உறையவைத்த திசுவிலிருந்து உட்கருவை மட்டும் பிரித்துச் செய்யும் முறை இருக்கிறது, இங்கிருந்து அனுப்புபவர்களுக்கு அதுதான் தோது. அதற்கும் காசு இல்லையென்றால் குடலை முன், நடு, பின் என்று மூன்றாக வெட்டி மூன்று சாதாரண லைப்ரரி செய்யுங்கள்.